பதினாறு குச்சி

அப்பா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவர் படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதங்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அவர் எழுந்து நின்ற ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அதை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

அப்பா கிரேனுக்குச் சைகை காட்டுபவர். எண்ணெய்த் தொட்டிகள் கட்டும் முற்றத்தில் முப்பத்தோரு வருடம். கிரேன் ஓட்டுபவர் முப்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கொக்கிக்கு அடியில் நடப்பதில் பாதி அவருக்குத் தெரியாது. தரையில் நிற்கும் அப்பாதான் அவருக்குக் கண். கையில் சைகை, வாயில் விசில். இரண்டு குட்டை என்றால் தூக்கு. மூன்று குட்டை என்றால் இறக்கு. ஒரு நீளம் என்றால் நிறுத்து. நீள விசில் கேட்டால் யாரும் எதையும் அசைக்கக் கூடாது. ஊதியவர் விடும்வரை முற்றமே நிற்கும்.

கூண்டில் இருந்தவருக்கும் அதே முப்பத்தோரு வருடம். அவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்பார்கள். அவருக்கும் அப்பாவுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு அவர் மாமா.

முற்றத்தின் வாசலில் காவலாளி எல்லோருடைய சட்டைப் பையையும் தடவிப் பார்ப்பார். தீப்பெட்டி, லைட்டர், சிகரெட் எதுவும் உள்ளே போகாது. உள்ளே எண்ணெய் ஆவி. புகையிலைப் பொட்டலத்தை மட்டும் யாரும் பிடுங்க மாட்டார்கள். அதில் தீ இல்லையே. இப்படித்தான் அந்த முற்றம் முழுக்க வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு வேலை பார்த்தது. பாக்குத்தூள் கலந்த புகையிலை. மாமாவிடம் ஒரு தகர டப்பா இருந்தது. தேநீர் நேரத்தில் அதை மெல்லிய நைலான் கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்குவார். அப்பா ஒரு சிட்டிகை எடுத்து இடது கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு கயிற்றை இரண்டு தடவை இழுப்பார். டப்பா மேலே போகும். பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் இதைப் பார்த்து, "லிஃப்ட்! லிஃப்ட்!" என்று நான் கைதட்டியிருக்கிறேன்.

முதலில் பழுதானது விசில் என்றுதான் நினைத்தோம்.

"மச்சான், விசில மாத்து. சத்தம் சன்னமா வருது" என்றார் மாமா. அப்பா புதிதாக ஒன்று வாங்கினார். அதுவும் சன்னம். இன்னொன்று வாங்கினார். மூன்றாவதை என்னிடம் கொடுத்தார். அழுத்தமானி, வெப்பமானி போன்ற கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கூடத்தில் எனக்கு வேலை. விசிலை அங்கே கொண்டுபோய்க் காற்றுக் குழாயில் மாட்டி ஊதவிட்டேன். கணீரென்று கேட்டது. கருவியில் குறையில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஊதுகிறவரை நான் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திக்கொண்டிருந்தார். பல்துலக்கியைச் சாய்த்துத்தான் உள்ளே விட்டார். உணவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டார். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு, அதன் நடுவில் ஆறாத புண். "பல்லு குத்துது" என்று மூன்று மாதம் ஓட்டினார். கடைசியில் பல் மருத்துவர்தான் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "எத்தன வருஷமா இந்தப் பக்கம் அடக்குறீங்க?" என்று கேட்டார். பல்லைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

சதையில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். இடது கன்னத்தின் உட்பக்கமும் கீழ்த்தாடை எலும்பில் ஒரு பகுதியும் போயின. கழுத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். முன்கையிலிருந்து தோலையும் இரத்தக்குழாயையும் எடுத்துக் கன்னத்துக்குள் ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். ஒன்பது மணி நேரம். பத்தாவது நாள் அப்பா ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "கன்னத்துக்குள்ள முடி முளைக்குது. கைமுடி."

அம்மா வாசித்துவிட்டு, "வெளிய வழிக்கவே நாலு நாளைக்கு ஒருக்கா. இனி உள்ளயும் வழிக்கணுமா?" என்றார். அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். ஊசி மாதிரிதான் பேச்சும்.

அப்பாவுக்குப் பேச்சு வந்தபோது முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல. மருத்துவமனையில் வாய்ப்பயிற்சி கொடுக்கும் இளம்பெண்ணிடம் கேட்டார். பாதி வார்த்தை குழறியது. நான்தான் எடுத்துச் சொன்னேன்: "எப்ப விசில் ஊதலாம்னு கேக்குறாரு."

"ஐயா, இப்ப ஊதினீங்கன்னா தையல் பிரிஞ்சிடும். முதல்ல வாய் திறக்கணும்."

"எவ்வளவு?"

அந்தப் பெண் ஐஸ்கிரீம் குச்சிகளில் ஒரு கட்டை எடுத்தாள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் செருக வேண்டும். இன்று எட்டு என்றால் அடுத்த வாரம் ஒன்பது. இறுகிப்போன தசை அப்படித்தான் இளகும். "பன்னெண்டு குச்சி போகட்டும். நானே விசில் எடுத்துக் குடுக்குறேன்" என்றாள்.

அதோடு முடிந்தது. அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை. முற்றத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. குணமானால் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, அதே சம்பளம். அதை மடித்துக் கட்டிலின் ஆடும் காலுக்கு அடியில் வைத்துவிட்டார். "தரையில நிக்கணும். கொக்கிக்குக் கீழ. இல்லன்னா நான் எதுக்கு?" இதை மட்டும் குழறாமல் சொன்னார்.

வீட்டில் அவர் கிரேன் சைகையில்தான் பேசினார். கஞ்சி போதும் என்றால் உள்ளங்கை கீழே பார்க்கக் கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். மெதுவாக ஊற்று என்றால் ஒரு விரலைக் கீழே சுழற்றுவார்.

"நான் என்ன கிரேனா? வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?" என்பார் அம்மா.

அப்பா வாயைத் திறந்து குச்சிகளைக் காட்டுவார்.

மாமா வாரம் இரண்டு முறை வந்தார். வந்தால் வாயே ஓயாது. "உனக்குப் பதிலா ஒரு பொடியன போட்டிருக்கான் மச்சான். அவன் ஊதுனா எனக்கு ரயில் வர்ற மாதிரி இருக்கு. பயந்து கொக்கிய மேல தூக்கிடறேன்." அம்மா பிஸ்கட் கொடுத்தால் அதை நான்காக உடைத்துத் தேநீரில் ஊறவைத்துத் தின்பார். ஒருநாள் மேசையிலிருந்து ஒரு கட்டுக் குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பேரன் வீடு கட்டி வெளையாடுவான்" என்றார். நாங்கள் எதையும் கவனிக்கவில்லை.

கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன் ஆடிக்கொண்டிருந்த பற்களைப் பிடுங்கச் சொன்னார்கள். கதிர் பட்ட எலும்பு பிறகு ஆறாதாம். பிடுங்கினார்கள். ஒரு வாரம் பயிற்சி நிறுத்தம். எட்டாம் நாள் காலை வெர்னியர் அளவுகோலோடு உட்கார்ந்தேன். நான் குச்சிகளை நம்புகிற ஆள் இல்லை, தினமும் வெர்னியரால் அளந்து குளியலறைக் கதவில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். முந்தைய அளவு பதினாறு மில்லிமீட்டர். அன்று இருபத்து நான்கு.

மறுபடி அளந்தேன். இருபத்து நான்கு.

"அம்மா! எட்டு மில்லிமீட்டர் கூடியிருக்கு! ஒரே வாரத்துல!"

இருபத்து நான்கு என்றால் பன்னிரண்டு குச்சி. அடுக்கிச் செருகினோம். போனது! அப்பா எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். அம்மா தையல் மிஷினை விட்டுவிட்டு ஓடி வந்தார். அப்பா தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்த விசிலை எடுத்தார். நான் தடுக்கவில்லை. தடுக்காததோடு, "ஊதுங்கப்பா!" என்றும் சொன்னேன்.

ஊதினார். காற்று இடது வாயோரமாகப் புஸ்ஸென்று போனது. இன்னும் பலமாக ஊதினார். எச்சில் வந்தது, பிறகு இரத்தம். விசிலைச் சுவரில் எறிந்துவிட்டுப் படுத்தார்.

அம்மா துண்டால் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார். "எங்கேருந்து எங்க அளந்த?"

"எப்பவும் போலத்தான். மேல் பல்லு நுனியிலேருந்து கீழ்ப் பல்லு..."

"கீழ்ப் பல்லு எங்க இருக்கு?"

பிடுங்கியவற்றில் கீழ் முன்பற்கள் இரண்டும் அடக்கம். பல் போன இடத்தில் ஈறுவரை அளந்திருக்கிறேன். வாய் ஒரு மயிரிழைகூடக் கூடுதலாகத் திறக்கவில்லை. எட்டு மில்லிமீட்டர் என்பது இல்லாத பல்லின் உயரம்.

"மடிப்பப் பிரிச்சிட்டு அளந்தா பாவாட நீளம் கூடத்தான்டி செய்யும்" என்றார் அம்மா. "இதுக்கா உன்னப் படிக்க வச்சோம்?"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அறுவைக்குப் பிறகு முதல் சிரிப்பு. விரலால் என்னைச் சுட்டி, மெதுவாகக் கேட்டார்: "அப்ப... எத்தன குச்சி?"

கணக்குப் போட்டேன். ஈறிலிருந்து அளந்தால் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் வேண்டும். "பதினாறுப்பா."

கட்டைவிரலை உயர்த்தினார். தூக்கு என்று அர்த்தம்.

கதிர்வீச்சு முப்பது அமர்வு, ஆறு வாரம். வாய் முழுக்கப் புண். மூக்கு வழியாகக் குழாயில் உணவு. கன்னத்து முடி உதிர்ந்தது ஒன்றுதான் லாபம். கதவில் குறி கீழே கீழே இறங்கி எட்டுக் குச்சிக்கு வந்தது. அப்பா நிறுத்தவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை. கண்ணில் நீர் வழியும், கை மட்டும் அடுத்த குச்சியைத் தேடும். ஒன்பது. பத்து. பத்திலேயே மூன்று வாரம். பதின்மூன்று. பதினைந்தில் ஒரு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவு பட்பட்டென்று அடித்தது. ஓடினேன். அப்பா வாய் நிறையக் குச்சியோடு நின்றார். எண்ணினேன். பதினாறு. வெர்னியரை எடுத்தேன். முப்பத்திரண்டு. ஈறிலிருந்துதான் அளக்கிறேனா என்று அம்மா பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார்.

இந்த முறை மருத்துவரிடம் கேட்டோம், ஊதலாம் என்றார். பயிற்சிக்காரப் பெண் சொன்ன வாக்கு மாறாமல் தன் கையாலேயே விசிலை எடுத்துக் கொடுத்தாள். ஊதினார். மறுபடியும் புஸ். உணர்ச்சியற்ற இடது கன்னம் பலூன் மாதிரி உப்பி, காற்று ஓரமாக நழுவியது. உள்ளங்கையால் கன்னத்தை அழுத்திக்கொண்டால் சத்தம் வந்தது. ஆனால் சைகைக்காரருக்கு இரண்டு கையும் வேண்டும்.

நான் ஒரு ரப்பர் உருண்டை வைத்த விசில் வாங்கி வந்தேன். அமுக்கினால் ஊதும். அப்பா ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். "ஐஸ் வண்டிக்காரனுக்குக் குடு" என்றார்.

வழி கண்டுபிடித்தது அம்மா. அப்பாவின் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் தாடைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் அந்தப் பட்டையின் இடது பக்கத்தில், சட்டைத் தோளில் வைத்துத் தைக்கும் பஞ்சு அட்டை ஒன்று தைக்கப்பட்டிருந்தது. பட்டையை இறுக்கினால் அட்டை கன்னத்தைச் சரியாக அழுத்தும். இரண்டு கையும் காலி. அப்பா கவசத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஊதினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா இன்னொரு தடவை ஊதினார்.

சோதனைக்கு நாள் குறித்தார்கள். முற்றத்தின் பாதுகாப்பு அதிகாரி கண்டிப்பான பெண்மணி. "உங்க மேல மரியாத இருக்கு. ஆனா கொக்கிக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்க. நான் கூண்டுல இருப்பேன், கண்ணாடிய மறைச்சிடுவேன். விசில் மட்டும்தான். மூணு சைகையும் மேல தெளிவாக் கேக்கணும். கேக்கலன்னா ஸ்டோர் ரூம்."

அவர் ஏணியில் ஏறி, கூண்டின் கண்ணாடியில் உள்பக்கமாகச் செய்தித்தாளை ஒட்டினார். முற்றத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் கூடிவிட்டார்கள். நான் அரை நாள் விடுப்பில் வந்திருந்தேன். பையில் வெர்னியர் இருந்தது. ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியாது, கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. அம்மா தையல் ஊசியும் நூலும் கொண்டுவந்திருந்தார்.

அப்பா மஞ்சள் வட்டத்துக்குள் போய் நின்றார். பட்டையை இறுக்கினார்.

இரண்டு குட்டை.

கொக்கி அசைந்தது. மேலே! மேலே போகிறது! வேலியோரம் யாரோ கத்தினார்கள். ஒரு நீளம். நின்றது. சுத்தமாக நின்றது, கொக்கிகூட ஆடவில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்னும் ஒன்றுதான்.

மூன்று குட்டை. முதலாவது வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது புஸ்ஸென்று போனது. பட்டை நழுவிவிட்டது. மேலே கேட்டது இரண்டுதான். இரண்டு என்றால் தூக்கு. இறங்க வேண்டிய கொக்கி விர்ரென்று மேலே கிளம்பியது.

அப்பா யோசிக்கவே இல்லை. கன்னத்தில் உள்ளங்கையை அறைந்து வைத்து ஒரு நீளம் ஊதினார். கொக்கி அந்தரத்தில் உறைந்தது.

போச்சு என்று நினைத்தேன். கூண்டின் கதவு திறந்து அதிகாரியின் தலை வெளியே வந்தது. "என்ன ஆச்சு?"

"பட்டை!" என்று அம்மா கத்தினார். "பட்டை நழுவிடுச்சும்மா! நான்தான் அட்டைய ஓரமா வச்சுத் தைச்சிட்டேன்!"

அதிகாரி கீழே பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். "தப்பானதும் நிறுத்தினாருல்ல. பட்டையச் சரி பண்ணுங்க. மறுபடியும் முதல்லேருந்து."

அம்மா வேலியைத் தாண்டி ஓடினார். அப்பாவின் தாடைக்கு அடியில் நின்றபடியே நான்கு தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். "ஆடாம நில்லுங்க. குத்திடப் போகுது."

"குத்துனாலும் தெரியாது" என்றார் அப்பா.

இரண்டு குட்டை. போனது. ஒரு நீளம். நின்றது. மூன்று குட்டை. ஒவ்வொன்றும் ஆணி அடித்தாற்போல். கொக்கி மெல்ல, மெல்ல இறங்கி அப்பாவின் தலைக்கு மேலே வந்து நின்றது. முற்றம் ஓவென்று கத்தியது. நானும் கத்தினேன். அதிகாரி மேலிருந்து செய்தித்தாளைக் கிழித்துப் போட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் மாமாவின் முகம் தெரிந்தது. அவர் ஜன்னலைத் திறந்து எதையோ இறக்கினார். நைலான் கயிறு. அதன் நுனியில் அந்தத் தகர டப்பா.

"அண்ணனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் அம்மா. எனக்கும் இரத்தம் கொதித்தது. அதைப் பிடுங்கி எறியத்தான் ஓடினேன். அதற்குள் அப்பா டப்பாவைத் திறந்துவிட்டார்.

உள்ளே புகையிலை இல்லை. ரப்பர் வளையம் போட்ட ஐஸ்கிரீம் குச்சிகள், கூடவே ஒரு துண்டுத் தாள். அப்பா குச்சிகளை எண்ணினார். ஒன்பது. தாளை என்னிடம் நீட்டினார். "எனக்கு ஒன்பதுதான் போகுது மச்சான். ஆறு மாசமா. யார்கிட்டயும் சொல்லல."

நான்காக உடைத்த பிஸ்கட் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேரன் கட்டிய வீடும்.

அப்பா மேலே பார்த்துக் கையால் இறங்கு என்று காட்டினார். மாமா தலையை ஆட்டி மறுத்தார். வேலை இருக்கிறது என்று கையைக் காட்டினார். அப்பா விசிலை வாயில் வைத்தார்.

ஒரு நீளம்.

வேலியோரம் கலைந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சுத்தியல் சத்தம் நின்றது. வாசலுக்கு வந்த லாரி நின்றது. நீள விசில் கேட்டால் ஊதியவர் விடும்வரை எதுவும் அசையாது. அதிகாரிகூட ஏணியை விட்டு இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார். அப்பா மூச்சு வாங்கி மறுபடியும் ஊதினார். மறுபடியும். முகம் சிவந்து, வலது கண்ணில் நீர் வந்தது. அம்மாவின் தையல் தாங்கியது.

ஐந்தாவது விசிலில் மாமா கூண்டின் கதவைத் திறந்தார்.

மாமாவின் வாயில் இருந்த திட்டு இன்னும் புற்றாகவில்லை என்று சோதனையில் தெரிந்தது. அதை வெட்டி எடுத்தார்கள். டப்பா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது, அம்மா அதில் பொத்தான் போட்டு வைத்திருக்கிறார். மாமாவுக்கு நேற்று பதினான்கு குச்சி. பல்லிலிருந்துதான் அளந்தேன், அவருக்குப் பல் எல்லாம் இருக்கிறது. அப்பா அந்த வட்டத்தில் இன்னும் ஏழு மாதம் நின்றார். பிறகு நோய் நுரையீரலில் தலைகாட்டியது. அதை எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன்.

ஏணியில் நூற்றுப்பன்னிரண்டு படி. அன்று மாமா ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். கடைசிப் படியில் கால் வைக்கும்வரை அப்பா விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்.

"வாயத் தொற, மச்சான்."

"இங்கயேவா? எல்லாரும் பாக்குறாங்கய்யா."

"இங்கயே."

அப்பா பின்னால் பார்க்காமல் என் பக்கம் கையை நீட்டினார். நான் பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன்.